செவ்வாயில் உருளைக்கிழங்கு: 'தி மார்ஷியன்' நாவலைப் படிக்க முழுமையான வழிகாட்டி

விண்வெளி நாவல் என்றதும் "சயின்ஸ் நமக்கு வராதே" என்று பின்வாங்க வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். போதாததற்கு, கதையின் உயிரே உருளைக்கிழங்குதான். கொடைக்கானல் கிழங்கைப் பேரம் பேசி வாங்கும் வத்தலக்குண்டுக்காரர்களுக்கு இதைவிடத் தோதான நாவல் கிடைக்காது.

என்ன கதை?

செவ்வாயில் புழுதிப் புயல். விண்வெளி வீரர் மார்க் வாட்னி இறந்துவிட்டார் என்று நினைத்து குழுவின் மற்ற ஐந்து பேரும் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அவர் பிழைத்துக்கொள்கிறார். வாயைக் கட்டினால் சாப்பாடு 400 நாள் வரும். அடுத்த குழு வர நான்கு ஆண்டு ஆகும். நடுவில் விழும் துண்டுதான் நாவல்.

ஆண்டி வியர் இதை முதலில் தன் இணையதளத்தில் தொடராக, இலவசமாக எழுதினார். 2011இல் 99 சென்ட் மின்னூல், 2014இல் பெரிய பதிப்பகம். நம்மூர் ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'கூட 1893இல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராகத் தொடங்கியதுதானே! தொடருக்கே உரிய குணம் இதிலும் உண்டு: ஒரு சிக்கல் தீரும்போதே அடுத்தது வந்து நிற்கும்.

எவ்வளவு ஆகும்?

ஆங்கிலப் பேப்பர்பேக் சில நூறு ரூபாய். கூடவே ஒரு நோட்டு. தினம் 20 பக்கம் படித்தால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம்.

எப்படிப் படிப்பது?

கதை டைரிக் குறிப்பாக நகரும். 'சோல்' என்றால் செவ்வாயின் ஒரு நாள், 24 மணி 39 நிமிடம். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.

அடுத்ததுதான் முக்கியம். வாட்னி கணக்குப் போட ஆரம்பித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நாமும் போட வேண்டும். ஒரு கிலோ உருளைக்கிழங்கில் சுமார் 770 கலோரி. நாளைக்கு 1,500 கலோரி வேண்டுமென்றால் இரண்டு கிலோ தின்ன வேண்டும். வாட்னி தங்கிக் கிழங்கு பயிரிடும் குடிலின் தரை 92 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டேகால் சென்ட். அதில் இவ்வளவு விளையுமா? தண்ணீர்? விடையை எழுதிவிட்டு அவர் விடையோடு ஒப்பிடுவோம். தப்பானால் இன்னும் சுவாரஸ்யம்.

நடுவே வாட்னி பூமியோடு தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் பாத்ஃபைண்டர் விண்கலம் கற்பனையல்ல. நாசா 1997இல் உண்மையிலேயே செவ்வாயில் இறக்கியது. பூமியிலிருந்து செய்தி போய்ச்சேரத் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். 2014இல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அன்று சுமார் 12 நிமிடம். இந்தத் தாமதம் மனதில் இருந்தால் பதற்றம் கூடும்.

உஷார்!

முதல் வரியிலேயே கெட்ட வார்த்தை. பிள்ளைகளுக்கென்றால் அவற்றை நீக்கிய வகுப்பறைப் பதிப்பு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினிலிருந்து தண்ணீர் எடுக்கும் பக்கங்களில் பலர் சிக்கி நின்றுவிடுவார்கள். அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் தண்ணீர். இதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

ஆரம்பப் புயல் மட்டும் பூச்சுற்றல். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே எந்தக் காற்றும் ராக்கெட்டைச் சாய்க்காது. தெரிந்தேதான் எழுதினேன் என்று வியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மன்னித்துவிடலாம், கதை தொடங்க வேண்டுமே.

2015இல் வந்த படத்தை முதலில் பார்க்காதீர்கள். விடைத்தாளைப் பார்த்தபின் கணக்குப் போட யாருக்குக் கை வரும்?

முடித்த பிறகு?

அதே வியரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021). அதற்கும் ஒரு நோட்டு எடுத்து வையுங்கள்; கணக்கு இதைவிடக் கடினம்.