சரக்குக் கடன்: பேராசிரியர் காட்டும் கணக்கு

2013 முதல் 2016 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன், சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிதியியல் பேராசிரியர். சிறு தொழில்களுக்குக் கடன் எவ்வாறு கிடைக்கிறது என்பது அவரது ஆய்வுத் துறைகளுள் ஒன்று. மிட்செல் பீட்டர்சனுடன் சேர்ந்து 1997இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நாம் அன்றாடம் புழங்கும் சரக்குக் கடனைப் பற்றியது.

வங்கி தயங்கும் கடைக்கும் மொத்த வியாபாரி கடன் தருவது ஏன்? கடையின் கொள்முதல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு முதலில் தெரியும். பாக்கி நின்றால் சரக்கை நிறுத்தலாம். திரும்ப எடுத்த சரக்கை வேறிடத்தில் விற்கலாம். அமெரிக்கச் சிறு நிறுவனங்களை ஆராய்ந்த இருவரும், வங்கிக் கடன் எளிதில் கிட்டாதவர்களே சரக்குக் கடனை மிகுதியாக நாடுவதைக் கண்டனர்.

அக்கடனுக்கும் விலை உண்டு. பத்து நாளில் கட்டினால் நூற்றுக்கு 2 தள்ளுபடி, இல்லையேல் முப்பது நாள் கெடு என்று வைத்துக்கொள்வோம். ரூ.10,000 பில்லுக்குப் பத்தாம் நாள் ரூ.9,800 போதும். முப்பதாம் நாள் கட்டினால், 20 நாளுக்கு ரூ.200 வட்டி. ஆண்டுக்குச் சுமார் 37 சதவீதம். அதாவது மூன்று ரூபாய் வட்டிக்கும் மேல்!

பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஊர்களில், கூலி வந்த பிறகே மளிகைப் பாக்கி தீரும் குடும்பங்கள் உண்டு. கடைக்காரர் வாங்குவதும் கடன், கொடுப்பதும் கடன். ஆகவே வணிகர்கள் பில்லிலுள்ள தள்ளுபடியை வட்டியாக மாற்றிப் பார்க்கவேண்டும். வங்கி வட்டி அதைவிடக் குறைவானால், வங்கிப் பணத்தில் பில்லைத் தீர்ப்பதே லாபம்.