பள்ளத்தூர் பாப்பா ஆச்சி ஆன கதை



முதலில் ஒரு கேள்வி. தமிழ்நாட்டின் நான்கு முதலமைச்சர்கள், ஆந்திராவின் ஒரு முதலமைச்சர், ஆக ஐந்து பேரோடு நடித்த நடிகை மனோரமா. அந்த ஐந்து பேர் யார் யார்? விடை கடைசியில் இருக்கு. இப்பவே கீழே பார்க்காதீங்க.

நம்ம சுவரிதழில் கல்பனா சாவ்லா வந்தாச்சு, அன்னை தெரசா வந்தாச்சு, நம்ம உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு நாலு தடவை வந்தாச்சு. நான் சினிமா நடிகையைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் பக்கத்து பெஞ்சில், "இன்னாடி, படிக்கிற புள்ள எழுதற விஷயமா இது?" என்று கேட்டாங்க. தமிழம்மா மட்டும், "எழுது. ஆனா படத்துக் கதையை எழுதாதே, அவங்க செஞ்ச வேலையை எழுது" என்று சொன்னாங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்.

இளமைப் பருவம்

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி மன்னார்குடியில் பிறந்தார். அம்மா பெயர் ராமாமிர்தம். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதால் குடும்பத்தில் சண்டை. அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி பக்கத்தில் இருக்கிற பள்ளத்தூருக்கு வந்துட்டாங்க. அங்கே வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தாங்க. பாத்திரம் தேய்க்கிறது, வாசல் பெருக்குறது, தண்ணி எடுக்கிறது.

பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. அப்போ மகளுக்கு 11 வயசு. பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு, அம்மா செஞ்ச வீட்டு வேலைக்கே மகளும் போனாங்க.

11 வயசுன்னா நம்ம பள்ளியில் ஆறாம் வகுப்பு. காலை வழிபாட்டில் முன் வரிசையில் நிக்கிற சின்னப் பசங்களைப் பாருங்க, அந்த உயரம்தான். எங்க வகுப்பிலும் போன வருஷம் வரைக்கும் வந்துட்டு இந்த வருஷம் வராத ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. பேர் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். மனோரமா மாதிரி அவங்களும் பெரிய ஆளா வருவாங்கன்னு நான் எழுத மாட்டேன். படிப்பை நிறுத்தின எல்லாருக்கும் நாடகக் கம்பெனி வந்து கதவைத் தட்டாது. இவங்களுக்கு வந்தது, அவ்வளவுதான்.

நாடகத்துக்கு வந்தது

பள்ளத்தூரில் "அந்தமான் காதலி" என்று ஒரு நாடகம் போட்டாங்க. ஒரு வேஷத்துக்கு ஆள் இல்லாமப் போச்சு. இந்தப் பொண்ணு நல்லா பாடும்னு ஊரில் தெரியும், அதனால் கூப்பிட்டாங்க. வயசு 12. அதிலிருந்து "பள்ளத்தூர் பாப்பா" என்று பேர் வந்தது. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரங்க வச்சதுதான்.

அந்தக் காலத்து நாடகம் எப்படின்னு கொஞ்சம் சொல்லணும். இப்போ சினிமாவில் வசனம் தப்பினால் மறுபடி எடுப்பாங்க. நாடகத்தில் அது கிடையாது. ஹார்மோனியக்காரர் சுருதி பிடித்தால் அந்தக் கட்டையில் பாடியே ஆகணும். எதிரில் நிக்கிறவர் வசனத்தை மறந்தால் நாமே ஒன்னைச் சொல்லிச் சமாளிக்கணும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் கேட்கணும். மனோரமாவுக்கு இதுதான் பள்ளிக்கூடம். வைரம் நாடக சபா, அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு என்று பல வருஷம் மேடையில் இருந்தாங்க. மேடையில் அவங்க கதாநாயகி. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

யாருக்கும் வேண்டாத வேஷம்

1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த "மாலையிட்ட மங்கை" படத்தில் மனோரமாவுக்கு வாய்ப்பு வந்தது. ஆனால் கதாநாயகி இல்லை. நகைச்சுவை வேஷம். மேடையில் கதாநாயகியா நின்னவங்களுக்கு எப்படி இருக்கும்? தயங்கினாங்க. அப்போ கண்ணதாசன், கதாநாயகியா நடிச்சா சில வருஷத்தில் ஒதுக்கிடுவாங்க, நகைச்சுவைன்னா நீண்ட நாள் நிலைக்கலாம் என்ற கருத்தில் எடுத்துச் சொன்னாராம். இதை மனோரமாவே பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்காங்க.

1963-இல் "கொஞ்சும் குமரி" படத்தில் கதாநாயகியாவும் நடிச்சாங்க. அப்புறம் மறுபடி நகைச்சுவைக்கே வந்துட்டாங்க.

நம்ம ஆண்டு விழா நாடகத்துக்கு வேஷம் பிரிச்சப்போ என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். கண்ணகி வேஷத்துக்கு ஏழு பேர் கை தூக்கினாங்க. ஊர்வம்பு பேசற கிழவிக்கு ஒரு கைகூட இல்லை. தலையில் வெள்ளை மாவு போடணும், கூன் போடணும், பசங்க சிரிப்பாங்க. அந்த வேஷம் எனக்கு வந்தது. நாலே நாலு வசனம். பயிற்சியில் தமிழம்மா ஒன்னு சொல்லிக் கொடுத்தாங்க. சிரிப்பு வசனத்தைச் சொன்னதும் உடனே அடுத்த வசனத்துக்குப் போகக்கூடாது. ஜனங்க சிரிக்க இடம் விடணும். ரொம்ப நேரம் விட்டாலும் காரியம் கெட்டுப்போகும். நாமளும் கூடச் சேர்ந்து சிரிச்சுடக்கூடாது. இது தெரிஞ்ச பிறகு மனோரமா நடிச்ச காட்சிகளைப் பார்த்தேன். முகத்தைப் பாருங்க. தான் தமாஷ் பண்றோம் என்கிற நினைப்பே அந்த முகத்தில் இருக்காது. அந்தப் பாத்திரத்துக்கு அது உண்மையான கவலை, உண்மையான கோபம். அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருது.

நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வருவார் இல்லையா, அவரை நினைச்சுப் பாருங்க. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் ராஜா வருவதற்கு முன்னாடி வந்து, ராஜாவை யாருன்னு கேட்டு, கேலி பண்ணி, கதையையும் விளக்கி, விடிய விடிய ஜனங்க தூங்காமப் பார்த்துக்கிறவர் அவர்தான். கிரீடமும் புஜகீர்த்தியும் துரியோதனனுக்கு. வேலை கட்டியக்காரனுக்கு. சினிமாவில் அந்த வேலையைப் பெண்கள் செய்யலாம்னு முன்னாடியே காட்டினவங்க உண்டு. கலைவாணரோடு நடித்த டி.ஏ.மதுரம், அப்புறம் டி.பி.முத்துலட்சுமி, எம்.சரோஜா எல்லாரும் இருந்தாங்க. மனோரமா அந்த வழியில் வந்து நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஜோடியாக நடிச்சாங்க. ஜோடி மாறினாலும் அவங்க அப்படியே இருந்தாங்க.

எத்தனை பேச்சு!

நான் முக்கியமா எழுத நினைச்சது இதைத்தான். 1968-இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய "தில்லானா மோகனாம்பாள்" வந்தது. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதை. சிவாஜியும் பத்மினியும் நடிச்ச படம். அதில் நாடகக் கொட்டகையில் ஆடிப்பாடும் ஜில் ஜில் ரமாமணியா மனோரமா வராங்க. கொஞ்ச நேரம்தான். ஆனா எங்க தெருவில் படத்துப் பெயர் மறந்தவங்களுக்குக்கூட ஜில் ஜில்லை மறக்கலை. அதே 1968-இல் "பொம்மலாட்டம்" படத்தில் மெட்ராஸ் பாஷையில் ஒரு பாட்டைச் சொந்தக் குரலில் பாடியிருக்காங்க. "சின்ன கவுண்டர்" படத்தில் எடுப்பான பல் வச்சுக்கிட்டு கொங்குப் பேச்சு பேசற அம்மா. இவங்க மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவங்க. மெட்ராஸ்காரங்களும் கோயம்புத்தூர்க்காரங்களும் ஏத்துக்கிற மாதிரி அவங்கவங்க பேச்சைப் பேசினாங்க.

நாம தமிழ்த் தேர்வில் வட்டார வழக்கு என்று ரெண்டு மார்க்குக்கு எழுதறோம். அவங்க அதைக் காதால் கேட்டே படிச்சவங்க. "ஆச்சி" என்ற பெயரும் வட்டார வழக்குதான். செட்டிநாட்டில் பெரிய பெண்களை மரியாதையா ஆச்சி என்று கூப்பிடுவாங்க. அந்தப் பக்கம் வளர்ந்ததால் சினிமாவில் எல்லாருக்கும் அவங்க ஆச்சி ஆயிட்டாங்க.

கண்ணம்மா

1986-இல் விசு எழுதி இயக்கிய "சம்சாரம் அது மின்சாரம்" படத்தை டி.வி.யில் பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. அதில் மனோரமா, கண்ணம்மா என்கிற வேலைக்காரி. அந்த வீட்டில் படிச்ச பிள்ளைங்க இருக்காங்க, சம்பாதிக்கிறவங்க இருக்காங்க. சம்பந்தியா வர்ற கிஷ்முவை வாய்ச்சண்டையில் மடக்கி, உடைஞ்ச உறவை ஒட்ட வைக்க ஓடறது வேலைக்காரிதான். அந்தச் சண்டையைப் பார்த்து எங்க வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

எங்க அத்தை மட்டும் சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சாங்க. அத்தை சென்னையில் வீட்டு வேலை செய்யறாங்க. "நிசத்துல இப்படி நடுக்கூடத்துல நின்னு பேச முடியுமா? முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்று சொன்னாங்க. மத்த படங்களில் வேலைக்காரி காபி கொண்டு வந்து வச்சிட்டுப் போயிடுவா. முகம்கூடச் சரியாத் தெரியாது. கண்ணம்மாவுக்கு முகம் இருக்கு, கோபம் இருக்கு, அந்த வீட்டு மேல உரிமை இருக்கு. ராமாமிர்தம் அம்மா பள்ளத்தூரில் செஞ்ச வேலை அது. கோபிசாந்தா பதினொரு வயசில் செஞ்ச வேலை அது. 2009-இல் வந்த "அருந்ததி" தெலுங்குப் படத்திலும் பழைய கதையைச் சொல்ற வயசான வேலைக்கார அம்மா இவங்கதான்.

அழ வைத்ததும் உண்டு

1989-இல் பார்த்திபன் இயக்கிய "புதிய பாதை" படத்துக்காக மனோரமாவுக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைச்சது. அதே வருஷம் "அபூர்வ சகோதரர்கள்" படத்தில் கமலை எடுத்து வளர்க்கும் தாய். 1991-இல் "சின்னத்தம்பி" படத்தில் கணவனை இழந்த தாய். அந்த அம்மாவை ஊர் நடுவில் அவமானப்படுத்தும் காட்சியை எங்க பாட்டி பார்க்க மாட்டாங்க, எழுந்து வெளியே போயிடுவாங்க. "நம்மள சிரிக்க வச்ச பொம்பளைய இப்படிப் பண்றாங்களே" என்று பாட்டிக்கு ஆத்திரம். சிரிக்க வச்சவங்க அழும்போது நமக்கு ரெண்டு மடங்கு வலிக்குது போல.

சொந்த வாழ்க்கை சுருக்கமாகத்தான் எழுதுகிறேன். 1964-இல் கூட நாடகத்தில் நடித்த எஸ்.எம்.ராமநாதனைத் திருமணம் செய்தார். அது நிலைக்கவில்லை. ஒரு மகன். மகனோடு தனியாக வாழ்ந்து, ஓயாமல் நடித்தார்.

ஒரு சின்னக் கணக்கு

1985-இல் 1000 படங்களில் நடித்ததற்காக மனோரமாவின் பெயர் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1958 முதல் 1985 வரை 27 வருஷம். 1000-ஐ 27-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 37 படம். 365-ஐ 37-ஆல் வகுத்தால் சுமார் 10. அதாவது பத்து நாளைக்கு ஒரு படம், 27 வருஷமா! கணக்கு சார் சரிபார்த்து டிக் போட்டுட்டாங்க. கதாநாயகி ஒரு படத்துக்கு மாசக்கணக்கில் தேதி கொடுக்கணும். நகைச்சுவைக்குச் சில நாள் போதும், அதனால் இது முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆனாலும் காலையில் ஒரு படத்தில் மாமியார், மத்தியானம் இன்னொரு படத்தில் பூக்காரின்னு மாறணும்னா நினைச்சுப் பாருங்க. நமக்கு ரெண்டாவது பீரியட் அறிவியலும் மூணாவது பீரியட் வரலாறும் வந்தாலே மண்டை காயுது.

1985-க்குப் பிறகும் நிறுத்தலை. டி.வி. தொடர்களில் நடிச்சாங்க. 2002-இல் பத்மஸ்ரீ விருது. 2010-இல் வந்த "சிங்கம்" படத்தில் பாட்டியா வந்தாங்க. அப்போ வயசு 70-ஐத் தாண்டியாச்சு. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 78. கூட நடித்த ஜெயலலிதாதான் அப்போது முதலமைச்சர். அவரே நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

கேள்விக்கு விடை

அறிஞர் அண்ணா, கலைஞர் கருணாநிதி: இவர்களோடு நாடக மேடையில். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ்: இவர்களோடு திரைப்படத்தில். எம்.ஜி.ஆர். படத்தில் பார்க்கணும்னா 1966-இல் வந்த "அன்பே வா" பாருங்க, நாகேஷுக்கு ஜோடியா வருவாங்க.

கீழே பார்க்காமல் ஐந்து பேரையும் சரியாச் சொன்னவங்க, மதிய உணவு இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் பெயர் கொடுங்க. அடுத்த தாளில் ஓரமாகச் சிவப்பு மையில் எழுதறேன்.