பொதுவும் தனியும்

நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலர் இடறும் ஓர் இடத்தை இங்குக் காண்போம்.

நோர்வே நாட்டு அறிஞர்களான ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் 1967இல் அளித்த சிமுலா 67 என்னும் மொழியே, வகுப்பு, பொருள் என்னும் கருத்துகளை நிரலாக்கத்திற்குத் தந்தது. வகுப்பு என்பது அச்சு. அதில் வார்க்கப்படுவன பொருள்கள்.

நம் தமிழ்ப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். ‘மாணவர்’ என்பது வகுப்பு. கயல்விழியும் இளங்கோவும் பொருள்கள். பள்ளியின் பெயர் அனைவர்க்கும் ஒன்றே. ஆதலின் அது வகுப்பு மாறி. மதிப்பெண்களோ ஆளுக்கு ஆள் வேறுபடும். அவை பொருள் மாறிகள்.

பைத்தான் மொழியில், மதிப்பெண் பட்டியலை வகுப்பின் பொதுப்பகுதியில் எழுதிவிட்டால் யாது நேரும்? நினைவகத்தில் ஒரே பட்டியல்தான் இருக்கும். கயல்விழியின் பட்டியலில் 90 எனச் சேர்த்தால், தேர்வே எழுதாத இளங்கோவின் பட்டியலிலும் 90 தோன்றும்! கணினி எச்சரிக்காது, விடை மட்டும் பிழையாகும். பொருளைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றினுள், ‘செல்ஃப்’ என்னும் சொல்லோடு இணைத்துப் பட்டியலை அமைத்தால், ஒவ்வொருவர்க்கும் தனிப் பட்டியல் கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே! மாறியை எழுதுமுன், “இஃது எல்லார்க்கும் உரியதா, ஒருவர்க்கே உரியதா?” என வினவுங்கள். பெற்றோரும் இதனைப் பிள்ளைகளிடம் கேட்கலாம். அதற்குக் கணினிப் பயிற்சி வேண்டுவதில்லை.