துருவும் உழவர் கருவிகளும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

உழுகின்ற கொழு முதல் ஓடுகின்ற இரயில் வரை இரும்பின்றி இயங்குவது எதுவுமில்லை. அத்தகைய இரும்புக்கு இயற்கை வைத்திருக்கும் பகை துரு. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் கடற்காற்றின் அரிப்போடு நூறாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரலில் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலங்களையும் கப்பல்களையும் துரு அரிப்பதைப் பற்றி நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் அரிவாளையும் மண்வெட்டியையும் அது அரிப்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு.

என் பெற்றோர் விவசாயக் கூலிகள். எங்கள் ஊர் கடலுக்கு அருகில் உள்ளது. வேலைக்கு வருவோர் தத்தம் கருவியுடன் வருவதே எங்கள் பக்கத்து வழக்கம். கருவி கெட்டால் அச்செலவு கூலியாளைத்தான் சேரும். மேலும், துருப்பிடித்து மழுங்கிய அரிவாளைக் கொண்டு புல்லறுப்பவர் இருமடங்கு இழுக்க வேண்டும். மாலையில் தோள்பட்டை வலிக்கும். ஆகவே வகுப்பில் நான் படித்த பாடத்தை வீட்டுக் கருவிகளோடு பொருத்திப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

துரு என்பது யாது?

இரும்பின்மேல் வந்து படியும் அழுக்கே துரு என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. இரும்பே ஆக்சிஜனோடும் நீரோடும் கூடி, நீரேறிய இரும்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. அணு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், 56 கிராம் இரும்பு ஏறத்தாழ 89 கிராம் துருவாகும். அதாவது 10 கிராம் துருவைச் சுரண்டி எறிந்தால், அதில் 6 கிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு சுரண்டும்போது போனதன்று, முன்னரே போய்விட்டது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், துருவை நீக்குவதைவிடத் தடுப்பதே ஏன் முதன்மையானது என்பது விளங்கும்.

துருப்பிடிக்க நீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். பள்ளியில் நாம் செய்த மூன்று சோதனைக்குழாய்ச் சோதனை நண்பர்களுக்கு நினைவிருக்கும். உலர்ந்த காற்றில் வைத்த ஆணியும், கொதிக்க வைத்து எண்ணெயால் மூடிய நீரில் இட்ட ஆணியும் பளபளப்பாகவே இருந்தன. காற்றும் நீரும் ஒருங்கே கிடைத்த ஆணி மட்டும் துருவேறியது.

இரும்பின்மேல் ஈரப்படலம் படிந்தவுடன் ஆங்காங்கே நுண்ணிய மின்கலங்கள் உண்டாகின்றன. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. வேறோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. அந்த நீரில் உப்புக் கலந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும்; அரிப்பும் விரையும். கடலோர ஊர்களில் கருவிகள் விரைவில் கெடுவது இதனால்தான். மழை பெய்ய வேண்டுமென்பதும் இல்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே அரிப்பு வேகமெடுக்கும்.

அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கிறது. துருவோ இரும்பைவிடப் பருத்து, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, அடுத்த அடுக்குக்கு வழிவிடுகிறது. டில்லிக் குதுப்மினார் வளாகத்தில் உள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கிறதென்றால், அவ்விரும்பில் உள்ள மிகுதியான பாஸ்பரஸின் உதவியால் ஒட்டிப் பிடித்த காப்புப் படலம் உண்டானதே காரணம் என்பர். நம் அரிவாளுக்கு அப்பேறு இல்லை. அதற்குரிய படலத்தை நாம்தான் பூச வேண்டும்.

நீக்கும் முறைகள்

1. தேய்த்தல்: மேலோட்டமான துருவுக்குச் செங்கற்பொடியும் தேங்காய் நாருமே போதும். தடித்த துருவுக்குக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டும். கருக்கரிவாளின் பற்களைக் குறுக்கே தேய்த்தால் கருக்கு மழுங்கும். பற்களின் போக்கிலேயே தேய்க்க வேண்டும்.

2. புளி: புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. இவை துருவைக் கரைக்கும். பழம்புளியைக் கரைத்துக் கெட்டியாகப் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். என் தாயாரின் அரிவாளில் இதைச் செய்து நல்ல பயன் கண்டேன். பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் புளியோடு உப்பைச் சேர்க்கலாகாது. தங்கிவிடும் உப்பு மறுபடியும் துருவை அழைக்கும். நெடுநேரம் ஊறவிடுவதும் தவறு. துரு தீர்ந்தபின் அமிலம் நல்ல இரும்பையே தின்னத் தொடங்கும். கழுவியபின் சோடா உப்புக் கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தோடு விட்டால் சிறிது நேரத்திலேயே செம்மை படரக் காணலாம்.

3. கடுக்காய்: பள்ளங்களில் எஞ்சிய துருவின்மேல் கடுக்காய்க் கஷாயம் தடவினால், அதிலுள்ள டானின் துருவோடு கூடிக் கருநீலப் படலமாகும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருமை தருவதைத் துணிக்குச் சாயமிடுவோர் பண்டே அறிவர்.

4. மின்னாற்பகுப்பு: சலவைச் சோடாக் கரைசலில், பிடி கழற்றிய கருவியை 12 வோல்ட் மின்கலத்தின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்தால், நல்ல இரும்பு குறையாமல் துரு இளகிவிடும். நேர்முனையில் எவர்சில்வரை வைக்கவே கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மம் உண்டாகும். ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் நெருப்பும் ஆகாது. இதனை ஆசிரியர் துணையோடு செய்வதே நலம்.

அடுப்பில் காய்ச்சித் துருவை உதிர்ப்பது சிலர் வழக்கம். கொல்லர் கொடுத்த தோய்ச்சல் அதனால் இறங்கிப்போய், பின் எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர் நில்லாது. கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்துவதும் கைக்கும் கண்ணுக்கும் கேடு.

துருவும் ரண ஜன்னியும்

துருப்பட்டால் ரண ஜன்னி வரும் என்பது பரவலான நம்பிக்கை. நோயைத் தருவது துருவன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒருவகைக் கிருமி. ஆதலால் பளபளக்கும் புதிய மண்வெட்டி காலில் பட்டாலும் ஆபத்து ஒன்றே. "துரு இல்லை, ஒன்றும் ஆகாது" என்றிராமல், காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும்.

வருமுன் காத்தல்

வேலை முடிந்ததும் சேற்றை நல்ல நீரில் கழுவுக. பழந்துணியால் துடைத்து உலர்த்துக. வாரம் ஒருமுறை விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெல்லப் பூசுக. வண்டிகளின் கழிவெண்ணெய் வேண்டா. அது பயிருக்கும் தீவனத்துக்கும் நல்லதன்று.

உர மூட்டைக்குப் பக்கத்தில் கருவியைச் சாத்தாதீர். பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பு. அது ஈரத்தோடு கசிந்து இரும்பில் பட்டால் கடற்காற்றின் வேலையைத் தானே செய்யும். முன்னோர் அரிவாளை இறவாணத்தில் செருகியது காற்றோட்டமும் உலர்ச்சியும் கருதியே. இன்று காங்கிரீட் வீட்டில் அது குளியலறை ஓரத்துக்கு வந்துவிட்டது. சுவரில் ஓர் ஆணியடித்து மாட்டினால் போதும்.

பூணுக்குள்ளும் பிடிக்குள்ளும் மறைந்திருக்கும் இரும்பை மறவாதீர். அங்கே தங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் அரித்து, ஒருநாள் ஓங்கும்போது இரும்பு கழன்று அருகில் நிற்பவர்மேல் பாயக்கூடும். பிடி ஆடத் தொடங்கினால் கழற்றிப் பார்த்துச் செப்பனிடுவதே அறிவுடைமை.

நெல் அறுவடை இன்று பெரும்பாலும் இயந்திரத்திடம் போய்விட்டது. ஆயினும் வரப்புப் புல்லுக்கும் வாய்க்கால் வேலைக்கும் அரிவாளும் மண்வெட்டியும் இருந்தே தீரும். இவற்றைக் காக்கத் தேவையானவை ஒரு பழந்துணி, ஒரு கரண்டி எண்ணெய், மாலையில் ஐந்து நிமிடம் ஆகியவைதாம். கிராமத்திலிருந்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் தம் வீட்டுக் கருவிகளை எடுத்துப் பார்ப்பாராக. நாம் கற்ற வேதியியல் முதலில் பயன்பட வேண்டிய இடம் அதுவே.