34 ஓட்டுகளின் கதை: அமெரிக்க உட்கட்சித் தேர்தல் பற்றி ஒரு பாடம்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்றால் நவம்பர் மாதம் நடக்கும் இறுதிப் போட்டியைத்தான் நம் பத்திரிகைகள் பெரிதாகப் போடும். ஆனால் அந்தப் போட்டியில் நிற்கப் போகிறவர்கள் யார் என்பது பல மாதங்களுக்கு முன்பே, கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் முடிவாகிவிடுகிறது. நம் சங்கத்து உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அங்கே குடியுரிமை பெற்று ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் தொலைபேசியில் 'பிரைமரி' என்றும் 'காகஸ்' என்றும் பேசும்போது நமக்குப் பாதிதான் புரிகிறது. மீதியைப் புரிந்துகொள்ள உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துக்கொள்வோம். "ஜெயிக்கவே மாட்டார்" என்று எல்லோரும் சொல்லும் ஒருவரை ஆதரிப்பது ஓட்டை வீணாக்குவதா?

இதற்கு 2012ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. கணக்கையும் நடைமுறையையும் மட்டும் பார்ப்போம்.

கட்சிக்குள் ஒரு தேர்தல்

நம் நாட்டில் வேட்பாளரைக் கட்சி மேலிடம் அறிவிக்கிறது. அங்கே கட்சியின் சாதாரண வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜனவரி அல்லது பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை, மாநிலம் மாநிலமாக இது நடக்கிறது. இதில் இரண்டு முறைகள் உண்டு.

பிரைமரி என்பது நமக்குப் பழக்கமான வாக்குச்சாவடி முறை. பெரும்பாலும் மாநில அரசே நடத்தும். காகஸ் என்பது கட்சியே நடத்தும் வட்டாரக் கூட்டம். குளிர்கால இரவில் பள்ளிக்கூடத்திலோ, மாதா கோவிலிலோ, நூலகத்திலோ அந்த வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசுவார். பிறகு குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். எண்ணுவது அதே அறையில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கும்.

இந்த ஓட்டுகளின் அடிப்படையில் ஒவ்வொரு மாநிலமும் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும். 2012இல் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு மொத்தம் 2,286 பிரதிநிதிகள். அவர்களில் 1,144 பேரின் ஆதரவைப் பெறுபவரே வேட்பாளர்.

'கன்சர்வேடிவ்' என்ற சொல்லையும் விளக்கிவிடுகிறேன். அமெரிக்க அரசியலில் இது பொதுவாக, அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும், குடும்பமும் மதநம்பிக்கையும் காக்கப்பட வேண்டும், கருக்கலைப்பு கூடாது என்று எண்ணுவோரைக் குறிக்கும். தமிழில் 'பழமைவாதி' என்கிறோம்.

கடைசி வரிசையில் நின்றவர்

ரிக் சான்டோரம் பென்சில்வேனியா மாநிலத்தவர். அவருடைய தாத்தா இத்தாலியிலிருந்து வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சான்டோரம் 1995 முதல் 2007 வரை செனட்டர். 2006 தேர்தலில் சுமார் 17 சதவிகித வித்தியாசத்தில் தோற்றுப் பதவியை இழந்தார். அப்படித் தோற்றவர் 2011 ஜூனில் ஜனாதிபதி பதவிக்கு நிற்கிறேன் என்றபோது, அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. பணமும் அமைப்பும் பெரிய தலைவர்களின் ஆதரவும், மாசசூசெட்ஸ் மாநில முன்னாள் கவர்னர் மிட் ராம்னியிடம் இருந்தன.

முதல் காகஸ் நடப்பது அயோவா மாநிலத்தில். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த, சுமார் 30 லட்சம் பேர் வாழும் மாநிலம். அங்கே 99 கவுண்டிகள் உண்டு. கவுண்டி என்பதை நம்மூர்த் தாலுகா போல எண்ணிக்கொள்ளலாம். சான்டோரம் 99க்கும் போனார். ஆதரவாளர் ஒருவருடைய பிக்கப் டிரக்கில், கையில்லாத ஸ்வெட்டர் அணிந்து, ஊர் ஊராகப் போய் பிட்சாக் கடையிலும் நூலகத்திலும் கூட்டம் போட்டார். சில இடங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் வந்தார்கள்.

2011 நவம்பர்க் கருத்துக் கணிப்புகளில் அவருக்கு ஒற்றை இலக்கச் சதவிகிதமே கிடைத்தது. அதற்குள் மிஷல் பாக்மன், ரிக் பெரி, ஹெர்மன் கெய்ன், நியூட் கிங்ரிச் என்று ஒவ்வொருவராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர்க் கடைசியில் காற்று திரும்பியது. கருக்கலைப்பை எதிர்க்கும் மதப்பற்றுள்ள வாக்காளர்கள் பலர், நமக்கு உண்மையிலேயே உடன்பாடானவர் இவர்தானே என்று அவர் பக்கம் வந்தார்கள்.

இரண்டும் இருபத்திரண்டும்

2012 ஜனவரி 3 இரவு அயோவாவின் 1,774 வட்டாரங்களில் சுமார் 1,21,500 பேர் ஓட்டுப் போட்டார்கள். விடியற்காலையில் அறிவித்த கணக்கு: ராம்னி 30,015, சான்டோரம் 30,007. எட்டே ஓட்டில் ராம்னி வெற்றி. செய்தி உலகம் முழுவதும் போனது.

அந்த வாரமே ஒரு சிறு வட்டாரத்தின் வாக்காளர் ஒருவர், "எங்கள் கூட்டத்தில் ராம்னிக்கு விழுந்தது 2 ஓட்டு. மேலே போன கணக்கில் 22 என்று இருக்கிறது" என்று சொன்னார். எண்ணும்போது கூட இருந்து, எண்ணிக்கையை அவர் தம் கைப்படக் குறித்து வைத்திருந்தார். மொத்த வித்தியாசமே 8 என்னும்போது இந்த ஓர் இடத்தின் தவறு 20!

கட்சி எல்லா வட்டாரப் படிவங்களையும் வரவழைத்துச் சரிபார்த்தது. 16 நாள் கழித்து, ஜனவரி 19 அன்று வந்த கணக்கு: சான்டோரம் 29,839; ராம்னி 29,805. அதாவது சான்டோரம் 34 ஓட்டு முன்னால் இருந்தார். எட்டு வட்டாரங்களின் படிவங்கள் மட்டும் கிடைக்கவே இல்லை. அதனால் கட்சி முதலில் தயங்கி, ஓரிரு நாளில் சான்டோரமே முதலிடம் என்று ஒப்புக்கொண்டது.

34ஐ 1,774 வட்டாரங்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். 52 வட்டாரத்துக்கு ஓர் ஓட்டு! இந்த ஆளுக்குப் போட்டு என்ன ஆகப் போகிறது என்று அன்றிரவு பனியில் 34 பேர் வீட்டிலேயே இருந்திருந்தால், இரண்டு பேரும் சரிசமம்.

ஆனால் அந்த 16 நாளில் நடந்தது என்ன? இடையில் ஜனவரி 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி முடிந்துவிட்டது. அங்கே ராம்னி 39 சதவிகிதம் பெற்றார். சான்டோரம் 9 சதவிகிதம்தான். "இரண்டு மாநிலத்திலும் ராம்னி வெற்றி" என்று தலைப்பு வந்தது. முன்னோட்டத் தேர்தலில் வெற்றிச் செய்திதான் மூலதனம். அதைப் பார்த்தே நன்கொடை வரும், தொண்டர்கள் வருவார்கள். சான்டோரமுக்குச் சேரவேண்டிய செய்தி, அதன் விலை போன பிறகு வந்து சேர்ந்தது.

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இதைப் படிக்கும்போது ஒன்று தோன்றாமல் இராது. பக்கத்து ஸ்டேஷனுக்கு லைன் கிளியர் கொடுக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வாயால் சொன்னால் மட்டும் போதாது. பிரைவேட் நம்பர் கொடுக்க வேண்டும்; கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, ரிஜிஸ்டரில் நேரத்தோடு எழுத வேண்டும். இரண்டு ஸ்டேஷன் ரிஜிஸ்டரும் ஒத்துப்போக வேண்டும். மனிதன் தவறுவான் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது. அயோவாவில் எண்ணியவர்களின் நேர்மையை யாரும் குறை சொல்லவில்லை. குறை, உடனே ஒத்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாததில்தான். அதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு சாதாரண மனிதரின் குறிப்பு.

ஓட்டு வேறு, பிரதிநிதி வேறு

இதைவிட வேடிக்கை இனிமேல்தான். மூன்றாம் இடம் பெற்றவர் ரான் பால் என்ற டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர், 26,036 ஓட்டு. அன்றைய விதிப்படி காகஸ் இரவின் ஓட்டு, பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. ஓட்டுப் போட்ட பிறகு அதே கூட்டத்தில் கவுண்டி மாநாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுப்பார்கள். அங்கிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும், கடைசியில் தேசிய மாநாட்டுக்கும் ஆட்கள் போவார்கள். ஓட்டுப் போட்டதும் பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ரான் பாலின் ஆதரவாளர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த இரவும், பின்வந்த ஒவ்வொரு மாநாட்டிலும் பொறுமையாக உட்கார்ந்தார்கள்.

விளைவு என்னவென்றால், ஆகஸ்ட் மாதம் டாம்பா நகர மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதி ஓட்டுகளில் 22 ரான் பாலுக்கு, 6 ராம்னிக்கு. முதலிடம் பெற்ற சான்டோரமுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் ஏப்ரலிலேயே விலகிவிட்டார் என்பதும் உண்மை. இருந்தாலும் இந்தக் கோளாறைக் கட்சி கவனித்தது. 2016 முதல் காகஸ் ஓட்டுக்குத் தக்கபடி பிரதிநிதிகள் கட்டுப்பட வேண்டும் என்று விதி மாறியது.

படிவத்தில் தோற்ற இடங்கள்

அயோவாவுக்குப் பின் சான்டோரம் ஓய்ந்துவிடவில்லை. பிப்ரவரி 7 அன்று கொலராடோ, மினசோட்டா, மிசூரி மூன்றிலும் ஒரே நாளில் முதலிடம் பெற்றார். பின்னர் டென்னசி, ஓக்லஹோமா, வடக்கு டகோட்டா, கான்சாஸ், அலபாமா, மிசிசிப்பி, லூயிசியானா ஆகியவற்றிலும். அயோவாவையும் சேர்த்து 11 மாநிலங்கள்.

ஆனால் ஆதரவு இருந்தும் அவரால் போட்டியிடவே முடியாத இடமும் உண்டு. வர்ஜீனியாவில் வாக்குச்சீட்டில் பெயர் வர 2012இல் 10,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. அதிலும் 11 தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 400. இந்தத் தகுதியைப் பெற்றவர்கள் ராம்னியும் ரான் பாலும் மட்டுமே. சான்டோரம் பெயர் சீட்டில் இல்லை. ஒஹையோவில் சுமார் 1 சதவிகிதத்தில்தான் தோற்றார். ஆனால் 16 தொகுதிகளில் 3இல் தம் பிரதிநிதிகளின் பட்டியலையே அவர் தரப்பு உரிய முறையில் கொடுத்திருக்கவில்லை. அங்கே எத்தனை ஓட்டு விழுந்தாலும் தொகுதிப் பிரதிநிதி கிடைக்க வழியில்லை.

பெரிய வேட்பாளரிடம் இதற்கென்று வக்கீல்களும் அலுவலகமும் உண்டு. சிறிய வேட்பாளரின் ஆதரவாளர்கள்தாம் இந்த வேலையைச் செய்ய வேண்டும். மேடைக்கு முன்னால் கை தட்ட ஆயிரம் பேர் வருவார்கள். வாசல் வாசலாகப் போய் 400 கையெழுத்து வாங்குகிறவரே அபூர்வம்.

அப்படியானால் ஓட்டு வீணா?

2012 ஏப்ரல் 10 அன்று சான்டோரம் விலகினார். விலகிய பிறகும் சீட்டில் பெயர் இருந்த மாநிலங்களையும் சேர்த்து அவருக்கு விழுந்த ஓட்டு ஏறக்குறைய 39 லட்சம். ராம்னி வேட்பாளரானார், நவம்பரில் ஒபாமாவிடம் தோற்றார்.

பதவியைக் கொண்டு மட்டும் அளந்தால் 39 லட்சமும் வீண். ஆனால் உட்கட்சித் தேர்தலின் வேலை வெற்றியாளரைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல. கட்சிக்காரர்களின் மனத்தில் உள்ளதைத் தலைமைக்குத் தெரிவிப்பதும் அதன் வேலை. பழைய தொழிற்சாலை ஊர்களின் உழைப்பாளிகளை நம் கட்சி மறந்துவிட்டது என்று சான்டோரம் பேசினார். உள்நாட்டில் உற்பத்தி செய்யும் தொழில்களுக்கு வரியே வேண்டாம் என்றார். 2016இல் அதே கட்சியின் டொனால்டு டிரம்ப் பென்சில்வேனியா, ஒஹையோ, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் வென்றது அத்தகைய ஊர்களின் ஓட்டால்தான். ஒன்றால் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அறிகுறி முன்னமே பதிவாகியிருந்தது என்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உழைத்தவருக்கெல்லாம் இது கைகூடுவதில்லை. சான்டோரம் 2016இல் மறுபடி நின்றார். அதே அயோவாவில் 1 சதவிகிதத்துக்கும் குறைவான ஓட்டுப் பெற்று இரண்டே நாளில் விலகினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையாக ஒஹையோவில் பிறந்த விவேக் ராமசாமியும், 2024 காகஸுக்கு முன் அயோவாவின் 99 கவுண்டிகளையும் சுற்றினார். நம் மொழி பேசும் ஒருவர் அந்த மேடையில் நின்றது நம்மவர் பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் கிடைத்தது சுமார் 7.7 சதவிகிதமும் நான்காம் இடமுமே. அன்றிரவே விலகினார். ஆக, ஊர் சுற்றுவது கதவைத் திறக்கும். உள்ளே அழைப்பது வாக்காளரின் விருப்பம்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை

எந்தக் கட்சியானாலும், எந்த வேட்பாளரானாலும், அங்கே ஓட்டுரிமை உள்ள நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையிலிருந்து கீழ்க்கண்டவற்றை எடுத்துச் சொல்லலாம்.

1. குடியுரிமை பெற்றவருக்கே ஓட்டு. பச்சை அட்டை மட்டும் உள்ளவர் ஓட்டுப் போடக் கூடாது; போட்டால் பெரிய சிக்கல்.

2. உட்கட்சித் தேர்தல் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃபுளோரிடா, பென்சில்வேனியா போன்ற இடங்களில் அந்தக் கட்சியின் வாக்காளர் என்று முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதியாதவரும் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை வாங்கி ஓட்டுப் போடலாம். வீடு மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும்.

3. உட்கட்சித் தேர்தலில் மனத்துக்கு உகந்தவருக்கே போடலாம். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் நவம்பரில்தான் வரும்.

4. உகந்தவர் அதிகம் அறியப்படாதவர் என்றால் ஓட்டு மட்டும் போதாது. கையெழுத்து வாங்குவது, படிவம் நிரப்புவது, எண்ணும்போது கூட நிற்பது, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருப்பது ஆகிய சலிப்பான வேலைகளில் ஒன்றையாவது ஏற்க வேண்டும்.

5. எண்ணிக்கையைத் தன் கையால் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. 2 எப்போது 22 ஆகும் என்று யாருக்கும் தெரியாது.