ஆளை அடித்த புலி எல்லாம் ஆட்கொல்லி அல்ல

மனித ரத்தத்தை ஒருமுறை ருசித்த புலி அப்புறம் வேறு இரை தேடாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. நம் ரத்தத்தில் உப்பு அதிகம், அந்த ருசி விடாது என்று காரணமும் சொல்வார்கள். உண்மையில் பாலூட்டிகளின் ரத்தத்தில் உப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். கடமானிடம் கிடைக்காத ருசி எதுவும் மனிதரிடம் இல்லை.

பிறகு ஏன் சில புலிகள் ஆளைத் தேடி வருகின்றன? சுடப்பட்ட ஆட்கொல்லிகளின் உடல்களே பதில் சொல்லியிருக்கின்றன. நேபாளத்திலும் குமாவோன் மலைப்பகுதியிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டு வீழ்த்தினார். அதன் வலப்பக்க மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்புவரை உடைந்துபோயிருந்தது. என்றோ பட்ட துப்பாக்கிக் குண்டின் விளைவு அது. அவர் எழுதிய முக்தேசர் பெண்புலியின் கதை இன்னும் தெளிவானது. முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, முன்னங்காலில் ஐம்பது முட்கள்வரை தைத்த நிலையில் அது புல்லுக்குள் படுத்துக் கிடந்தது. மாட்டுக்குப் புல் அறுக்க வந்த பெண் மிக அருகில் நெருங்கியபோது ஓங்கி அடித்தது. ஆனால் உடலைத் தின்னாமல் நொண்டிக்கொண்டே விலகிப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அதே புலி விறகு வெட்ட வந்தவரைக் கொன்று கொஞ்சம் தின்றதே, அதன் பிறகுதானே வேட்டையாடத் தொடங்கியது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது கற்றுக்கொண்டது ருசியை அல்ல. நொண்டிக் காலோடும் பிடிக்க முடிந்த இரை எது என்பதை. நல்ல திடகாத்திரமான புலிக்கே பெரும்பாலான பாய்ச்சல்கள் வீணாகும்போது, ஊனப்பட்ட புலி மானை எப்படித் துரத்தும்?

சுந்தரவனத்தில் காயமே இல்லாத புலிகளும் ஆளை அடிக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. அங்கே தேன் எடுப்பவர்களும் மீன், நண்டு பிடிப்பவர்களும் பிழைப்புக்காகப் புலியின் காட்டுக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து பாய்வது புலியின் வழக்கம் என்பதால், 1980-களில் அவர்கள் பின்தலையில் மனித முகமூடி மாட்டிக்கொண்டார்கள். புலிகள் பழகிப்போகும்வரை அது பலன் தந்தது. ரத்தவெறிதான் காரணம் என்றால் ஒரு முகமூடிக்கா அது அடங்கியிருக்கும்?

திரும்பத் திரும்ப மனிதரைக் குறிவைக்கும் புலியை அப்புறப்படுத்தத்தான் வேண்டும். உயிரிழந்த குடும்பத்தின் துயரத்துக்கு முன் அதில் தயக்கம் கூடாது. 2021-இல் கூடலூர், மசினகுடி பக்கம் தேடப்பட்ட டி23 என்ற புலி வயதானது, காயம்பட்டது. அதை மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடிக்க முடிந்தது. ஆனால் குட்டிகளைக் காக்கவோ திடுக்கிட்டோ ஒருமுறை அடித்த புலியை ஆட்கொல்லி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். காட்டோரத்தில் குனிந்தோ குந்தியோ தனியாக வேலை செய்யாதீர்கள், கூட்டமாகப் போங்கள். புலி அடித்த மாட்டின் உடலில் விஷம் வைக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லி இழப்பீடு கேளுங்கள்.