போலிஷ் மொழியில் இருத்தல் என்னும் வினை

பிறமொழி கற்கப் புகுவார் பலரும் பெயர்ச்சொற்களின் நீண்ட அட்டவணையொன்றை முதலில் நெட்டுருச் செய்கின்றனர். அஃது அத்துணைப் பயனுடையதன்று. நீர், சோறு, வீடு என்பனவற்றைக் கையாற் சுட்டியும் பெறலாகும். ‘இருக்கிறேன்’, ‘இல்லை’, ‘அல்லேன்’ என்பனவற்றைச் சுட்டிக் காட்ட எவராலும் இயலாது. ஆதலின் போலந்து நாட்டாரது மொழியில் இருத்தற்பொருள் தரும் வினையொன்றனையே எடுத்துக்கொண்டு, அதனை ஒலிக்குமாறும் வழங்குமாறும் தமிழ் கற்பார்க்கு விளங்க எழுதத் துணிந்தேன்.

அம்மொழி நமக்கு எற்றுக்கு என வினவுவார் உளர். போலந்துப் பெண்மணியாகிய வாந்தா தினோவ்ஸ்கா, உமாதேவி என்னும் பெயர் பூண்டு நம் நாட்டில் வாழ்ந்து, 1944-இல் சென்னையில் மாரிஸ் பிரீட்மனுடன் கூடிப் போலிஷ் இந்திய நூல்வரிசையைத் தொடங்கினார். நம்மவராகிய இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தார். அவரது ‘ஏசுவின் தோழர்கள்’ என்னும் புதினம் போலந்தைக் களமாகக் கொண்டதே. இவை பெரியோர் செய்திகள். கப்பலையே காணாத எங்கள் கப்பலூரிலிருந்தும் என் பெரியப்பா மகனார் ஒருவர் பிழைப்பிற்காக அந்நாடு சென்று, ஒரு பண்டகசாலையில் வேலை பார்த்து வருகின்றார். அவர் தம் தொலைபேசியிற் பதிந்து அனுப்பிய ஒலிகளைக் கேட்டே யான் இதனைக் கற்கத் தலைப்பட்டேன்.

இனி ஒலியைக் காண்போம். இவ்வினையின் அடிப்படை வடிவை நம் எழுத்தில் ‘புச்’ என எழுதலாம். பகரம் ‘கம்பம்’ என்பதிலுள்ள பகரம்போல் அதிர்ந்து ஒலிக்கும். சகரம் மெல்லியது, தொல்காப்பியர் சகர ஞகரங்களுக்கு இடமாகக் கூறிய இடைநாவும் இடையண்ணமுமே இதற்கும் இடம். இடர்ப்பாடு எல்லாம் நடுவே நிற்கும் உயிரில்தான் உள்ளது. அதனைப் போலிஷார் ‘இக்ரெக்’ என்பர். அஃது இகரமும் அன்று, உகரமும் அன்று. ‘காசு’, ‘நாடு’, ‘பாக்கு’ என்னுஞ் சொற்களின் ஈற்றுக் குற்றியலுகரத்தை ஒலிக்குங்கால் நம் இதழ்கள் குவிவதில்லை. அவ்வோசையையே நாவைச் சிறிது முன்தள்ளி ஒலிப்பின் இவ்வுயிர் ஏறக்குறைய அமைந்துவிடும். நமக்கோ குற்றியலுகரம் பெரும்பாலும் மொழியீற்றில் வருவது. மொழிமுதற்கண் வருவதற்குத் தொல்காப்பியர் காட்டியது ‘நுந்தை’ என்னும் ஒரு சொல்லே. போலிஷாரோ அதனை எங்கும் ஆள்வர். இக்கட்டுரையில் அவ்வுயிரை உகரக்குறியாலேயே எழுதுகின்றேன். படிப்பவர் இதழ் குவியாது படித்தல் வேண்டும்.

இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவ்வுயிரை இகரமாக்கிப் ‘பிச்’ என்றால் பொருள் ‘அடித்தல்’ என்றாகிவிடும். ‘புவெம்’ என்பது ‘இருந்தேன்’. ‘பிவெம்’ என்பது ‘அடித்தேன்’. என் அண்ணனார் அங்குச் சென்ற முதல் மாதத்தில், எங்கே போயிருந்தாய் என மேற்பார்ப்பவர் வினவ, சமையலறையில் இருந்தேன் என்று விடையிறுக்க எண்ணிச் சமையலறையில் அடித்தேன் என்று கூறினாராம். யாரை என்று அவர் திகைத்தது வேடிக்கையாகவே முடிந்தது. ஆயினும் அயல்நாட்டில் தனித்திருப்பவன் காவலரிடத்தோ குடிபுகல் அலுவலகத்திலோ அவ்வாறு கூறுவானாயின் அதனை வேடிக்கை என்று தள்ளிவிடல் கூடுமா?

அம்மொழிக்காகவே அடிபட்டாரும் உளர். போலந்து 1795-இல் அயலரசுகளாற் பங்கிடப்பட்டுத் தன் பெயரை நிலப்படத்தினின்றும் இழந்து, 1918-இலேயே மீண்டும் அரசாயிற்று. இடையில் பிரஷ்ய ஆட்சியின்கீழிருந்த வ்ஜெஷ்ஞா என்னும் ஊரில், 1901-இல், பள்ளிச் சிறுவர் ஜெர்மன் மொழியிற் சமயபாடம் சொல்ல மறுத்துப் பிரம்படி பட்டனர். அது கண்டு பொறாது திரண்ட பெற்றோருட் சிலர் சிறையும் புகுந்தனர். தாய்மொழியிற் செபிக்கும் உரிமை மிஷன் கல்லூரியிற் படிக்கும் நமக்கு விலையின்றிக் கிடைத்தது. அச்சிறுவர்க்கு அவ்வாறு கிடைக்கவில்லை.

நிகழ்கால வடிவங்கள் இவை: யெஸ்தெம், இருக்கிறேன், யெஸ்தெஷ், இருக்கிறாய், யெஸ்த், இருக்கிறான், இருக்கிறாள், இருக்கிறது, யெஸ்தெஷ்மு, இருக்கிறோம், யெஸ்தெஷ்செ, இருக்கிறீர்கள், ஸோம், இருக்கிறார்கள். இவற்றின் ஷகரம் நம் நாட்டு ஷகரத்தினும் மென்மையானது. எகரம் யாண்டும் குறில். அம்மொழியிற் குறில் நெடில் வேறுபாடு இன்மையின் ஈற்றுயிரை நீட்டும் நம் வழக்கத்தை விடுத்தல் நலம். சொல்லின் ஈற்றயலசையே எடுத்தொலிக்கப்படும். இடங்காட்டும் விகுதி வினையிலேயே அமைந்திருத்தலால் யான், நீ என்னும் எழுவாய்கள் நம் மொழியிற் போலவே பெரும்பாலும் தொக்கு நிற்கும். ஆங்கிலம் வழியாகப் பிறமொழி கற்பார் இதனைக் கண்டு வியப்பர். தமிழ் மாணாக்கர்க்கு வியக்க ஏதுமில்லை.

‘ஸோம்’ என்பதன் ஈறு மகரமெய் அன்று. ‘மரம்’ என்பதைப் பேச்சில் இதழ் கூடாமல் மூக்கொலியோடு முடிக்கின்றோமன்றோ, அவ்வாறே இதனையும் முடித்தல் வேண்டும். ‘யெஸ்த்’ வடமொழியில் ‘அஸ்தி’ என்றும், ‘ஸோம்’ ‘ஸந்தி’ என்றும் வரும் வினைகளுக்கு உறவு. ஆஸ்திகன், நாஸ்திகன் என்னுஞ் சொற்களை நாள்தோறும் வழங்கும் நமக்கு இவ்வினை முற்றும் அயலாருடையது அன்று.

எதிர்காலம் ‘பெந்தெ’, இருப்பேன், எனத் தொடங்கும், ‘பெஞ்ஜெ’, இருப்பான், ‘பெஞ்ஜெமு’, இருப்போம், ‘பெந்தோம்’, இருப்பார்கள். இங்கே ஓர் அழகைக் காண்க. எழுத்தில் இவற்றிலெல்லாம் ஒரே மூக்குயிர்தான் உள்ளது. அது தகரத்தின் முன் நகரமெய் பெற்றும், ஜகரத்தின் முன் ஞகரமெய் பெற்றும், வேறு சொற்களிற் ககரத்தின் முன் ஙகரமெய் பெற்றும் ஒலிக்கின்றது. நம் இலக்கணத்தார் இனவெழுத்து என்றது இதுவே. ‘வந்தான்’, ‘பஞ்சு’ என்று பழகிய நா இங்கே தானே வழியறிந்து செல்லும்.

இறந்தகாலத்திலே பால் வந்து கலக்கின்றது. தமிழில் ‘இருந்தேன்’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. போலிஷில் ஆடவன் ‘புவெம்’ என்பான். யான் பெண்ணாதலின் ‘புவம்’ என்றே கூறுதல் வேண்டும். (இவற்றின் வகரத்தை நம்மைப்போற் பல்லும் இதழும் இயைய ஒலிக்கலாகாது, இதழ்களை மட்டும் குவித்தல் வேண்டும்.) படர்க்கையில் ‘புவ்’ இருந்தான், ‘புவ’ இருந்தாள், ‘புவொ’ இருந்தது.

பன்மையில் இரண்டே வடிவங்கள் உள்ளன: ‘புலி’, ‘புவு’. கூட்டத்தில் ஓர் ஆடவன் இருப்பினும் ‘புலி’ என்பர். பெண்கள், குழந்தைகள், நாய்கள், மரங்கள், மேசைகள் ஆகிய யாவற்றிற்கும் ‘புவு’ ஒன்றே. உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பு உலகில் நமக்கே உரியது என மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். அது சரியன்று, இம்மொழியும் பன்மையில் ஒருவகைத் திணை வகுக்கின்றது. ஆனால் அத்திணையில் ஆடவர் மட்டுமே உயர்ந்தார். நூறு பெண்டிர் கூடிய அவைக்கும் நூறு மேசைகளுக்கும் வினை ஒன்றே. அவ்வவைக்குள் ஒரு காவற்காரன் புகுந்துவிட்டால் வினை மாறிவிடும்! மதுரையில் பல வீடுகளிற் பேசப்படும் தெலுங்கு, ஒருமையிற் பெண்ணை அஃறிணையோடு சேர்த்துப் பன்மையில் மக்களோடு சேர்க்கும். போலிஷ் அதனைத் தலைகீழாகச் செய்கின்றது. ‘இருந்தார்கள்’ என்று பெண்டிரையும் உட்படுத்திய நம் பலர்பாலே எனக்கு மேலாகத் தோன்றுகின்றது. எனினும் ‘குழந்தை அழுதது’ என்று நாமும் கூறுகின்றோம் என்பதை மறைத்தல் முறையன்று.

வழங்கும் முறையில் இரண்டு செய்திகளே இன்றியமையாதன. ‘யான் தமிழன்’ என்று நாம் வினையின்றிப் பெயர்ப்பயனிலையால் முடிப்போம். அவர்க்கு வினையும் வேண்டும், பெயர் மூன்றாம் வேற்றுமையும் ஏற்றல் வேண்டும்: ‘யெஸ்தெம் தமிலெம்’. நம் மூன்றாம் வேற்றுமை போலவே அதுவும் கருவிப்பொருளையும் உடனிகழ்ச்சிப்பொருளையும் தருவது. அதற்கு இங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ‘தமிழனாக இருக்கிறேன்’ என்று கருதிக்கொண்டால் மனம் அமையும். பெயரின்றிப் பண்புச்சொல் மட்டும் வரின், பசித்திருக்கிறேன் என்றாற்போல, அது எழுவாய் வடிவிலேயே நிற்கும்.

மற்றொன்று எதிர்மறை. ‘மாணாக்கன் அல்லேன்’ என்பதற்கு ‘ஞெ யெஸ்தெம்’ என்று தொடங்குவர். ஞெ என்பது எதிர்மறைச் சொல். ‘ரொட்டி இல்லை’ என்பதற்கோ இவ்வினை வாராது. ‘உடைத்து’ என்னும் பொருளதாகிய வேறொரு வினையை வருவித்து ‘ஞெ ம’ என்பர். ரொட்டி ஆறாம் வேற்றுமை பெறும். ஆனால் நேற்று இல்லாத ரொட்டிக்கு ‘ஞெ புவொ’ என இவ்வினையே மீண்டும் வந்துவிடும். அன்மையும் இன்மையும் வேறென்று நம் இலக்கணங்கள் கற்பித்தும், பேச்சில் இரண்டனையும் ‘இல்லை’ என்ற ஒன்றாலேயே முடித்து வருகின்றோம். போலிஷ் பேசும் சிறுபிள்ளை அவ்விரண்டனையும் கலப்பதில்லை. ‘அல்லேன்’, ‘இலேன்’ என்பன எனக்கு நூலிற் கண்ட வடிவங்களாகவே இருந்தன. அண்ணனார் அனுப்பிய ஒலிகளைக் கேட்ட பின்னரே அவற்றின் வேறுபாடு செவியிற் பட்டது.

மரியாதை வழக்கொன்று எஞ்சியுள்ளது. அறிமுகமில்லாதாரிடம் ‘யெஸ்தெஷ்’ என்னும் முன்னிலை ஒருமையை ஆளலாகாது. ஆடவரைப் ‘பன்’ என்றும் பெண்டிரைப் ‘பஞி’ என்றும் படர்க்கையில் வைத்து ‘யெஸ்த்’ என்றே வினவுதல் வேண்டும். ‘ஐயா இருக்கிறார்களா’ என்று முன்நிற்பவரையே கேட்கும் எங்கள் பக்கத்து வழக்கை நினைவிற் கொண்டால் இது மறவாது.